மூணாவது கதவு

2011 ஜூன் மாசம். சோலாப்பூரிலிருந்து புனேக்கு மாற்றல். பேங்க் உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு இது புதுசில்லை. ஆர்டர் வரும், பெட்டி கட்டுவோம், கிளம்புவோம். சாமானும் அதிகமில்லை. ஒரு பீரோ, ஒரு கட்டில், வாஷிங் மெஷின், கோயம்புத்தூரிலிருந்து சுமந்து வந்த கிரைண்டர், பன்னிரண்டு அட்டைப்பெட்டி. லாரி எதற்கு, தண்டச் செலவு என்று ஒரு பிக்கப் வண்டி பேசினேன். (பி.காம். படித்தவன் புத்தி!)

டிரைவர் பக்கத்தில் தங்கமணி, மடியில் மூணு வயசுப் பையன். அதோடு சீட் முடிந்தது. நான் பின்னால் ஏறி, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஏறத்தாழ 250 கிலோமீட்டர். இந்தாபூர் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. கேபினின் பின்சுவரில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. பையன் அதில் மூக்கை அழுத்தி என்னைப் பார்த்துச் சிரித்தபடியே வந்தான். அப்பா ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்திருப்பான்.

அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்ததில் எனக்கு ஒரு கேள்வி. இந்தக் கேபின் ஏன் இந்த இடத்தில் முடிகிறது? இன்னும் மூணடி தள்ளி முடிந்திருந்தால் நானும் உள்ளே இருந்திருப்பேனே? அதை முடிவு செய்தது யார்?

புனே வந்த பிறகு வாகனக் கடன் பிரிவில் போட்டார்கள். கேள்வி கூடவே வந்தது. வண்டி மெக்கானிசம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. ஸ்டெப்னி மாற்றவே இரண்டு பேர் வேண்டும். ஆனால் செலவு எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று பார்ப்பது தொழில். அந்தக் கண்ணோடு படித்துச் சேர்த்ததுதான் இந்தக் கதை.

முதலில் வந்தது மூணு கதவு

பிக்கப் பிறந்த ஊர் அமெரிக்கா என்று வைத்துக்கொள்வோம். ஆரம்ப காலத்தில் அது விவசாயியின் வண்டி. ஒரு சீட், இரண்டு கதவு, பின்னால் திறந்த தொட்டி. வேலையாட்கள் எங்கே உட்காருவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. தொட்டியில்தான். கடப்பாரை, மண்வெட்டி, வேலையாட்கள் எல்லாம் ஒரே கணக்கு.

ரயில்வே, மின்சாரம், காட்டிலாகா மாதிரி இடங்களில் ஒரு வேலைக்கு அஞ்சு ஆறு பேர் சேர்ந்து போகவேண்டும். கருவிகளும் கூடவே போகவேண்டும். ஒரு வண்டியில் ஆள், இன்னொரு வண்டியில் சாமான் என்று அனுப்பினால் இரண்டு டிரைவர், இரண்டு மடங்கு பெட்ரோல். இந்தக் கணக்கிலிருந்துதான் 'க்ரூ கேப்' பிறந்தது. க்ரூ என்றால் வேலைக் குழு. நம் ஊரில் டபுள் கேபின் என்கிறோம்.

அமெரிக்காவில் தொழிற்சாலையிலிருந்தே அப்படி வந்த முதல் பிக்கப், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1957ல் கொண்டுவந்த 'டிராவலெட்'. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் செய்த சிகாகோ கம்பெனி. விவசாயக் கடன் பார்த்த பழைய பேங்க்காரர்களுக்கு இந்தப் பெயர் நன்றாக நினைவிருக்கும். 1963ல் இவர்களோடு கூட்டுச் சேர்ந்துதான் மஹிந்திரா இங்கே டிராக்டர் தயாரிக்க ஆரம்பித்தது.

டிராவலெட்டில் ஆறு பேர் உட்காரலாம். ஆனால் கதவு மூணுதான்! டிரைவர் பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் இரண்டு. டிரைவருக்குப் பின்னால் உட்காரப் போகிறவரும் அந்தப் பக்கமாக ஏறி, சீட்டில் நகர்ந்து நகர்ந்துதான் போகவேண்டும்.

ஏன் இப்படி ஒரு ஓரவஞ்சனை? இரண்டு காரணம் எனக்குப் படுகிறது. ஒன்று, அங்கே வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும். டிரைவர் இடப்பக்கம் இருப்பார். அதனால் வலப்பக்கக் கதவு நடைபாதையைப் பார்த்துத் திறக்கும். ஆள் இறங்குவதற்குப் பாதுகாப்பான பக்கம். இன்னொன்று நம்ம சப்ஜெக்ட்: செலவு.

ஒரு கதவு என்பது ஒரு தகரத் துண்டு இல்லை. வெளித்தகடு, உள்தகடு, வலுவுக்கு வைக்கும் பட்டைகள், ஒவ்வொன்றையும் அழுத்தி எடுக்கத் தனித்தனி அச்சுகள். இடக்கதவும் வலக்கதவும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி எதிரெதிர். ஒன்றின் அச்சில் மற்றதைப் போட முடியாது. அச்சுக்கான செலவு முழுவதும் முதல் வண்டி வெளியே வருவதற்கு முன்பே போட வேண்டிய முதலீடு. லட்சம் வண்டி விற்றால் தலைக்குக் கொஞ்சம்தான் விழும். சில ஆயிரம்தான் விற்கும் என்றால் தாங்காது. க்ரூ கேப் குறைவாக விற்கும் வண்டி. ஆகவே ஒரு கதவு மிச்சம்!

கேபினின் கோட்டையும் இதே கணக்குதான் வரைந்தது. முன் கண்ணாடி, பானெட், முன் கதவு எல்லாம் சாதா வண்டியினுடையதே. முன் கதவுக்குப் பின்னால் வெட்டி, ஒரு பெட்டியை நடுவில் செருகி, பழைய பின்சுவரைக் கொண்டுபோய் அதன் முடிவில் வைப்பதுதான் வழி. முன் கதவின் ஜன்னல் கீழ்க்கோடு எந்த உயரத்தில் போகிறதோ, பின் கதவிலும் அதே உயரத்தில் போகவேண்டும். கூரை விளிம்பும் அப்படியே. ஒரு விரல் கடை பிசகினாலும் ஒட்டுப்போட்ட புடவைக் கரை மாதிரி கண்ணில் உறுத்தும்.

நாலாவது கதவு டிராவலெட்டுக்கு 1961ல் கிடைத்தது. டாட்ஜ் 1963லும், ஃபோர்டு 1965லும் தங்கள் க்ரூ கேப்களை இறக்கின. வழிகாட்டிய இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1975ல் பிக்கப் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. முதலில் வந்தவன் கடையை முதலில் சாத்திவிட்டான். எங்கள் கடன் புத்தகத்திலும் இப்படிச் சிலர் உண்டு.

ஜெர்மனியும் ஒரு கோழிச் சண்டையும்

இதே நேரத்தில் ஜெர்மனியிலும் இதே கதை நடந்தது. ஃபோக்ஸ்வாகன் வேன் தெரியுமில்லையா, வட்ட மூஞ்சி வண்டி? அதன் பிக்கப் வடிவத்துக்கு டபுள் கேபின் கட்டிக் கொடுத்தது முதலில் ஃபோக்ஸ்வாகன் இல்லை. லோர்க் என்ற ஊரிலிருந்த பின்ட்ஸ் என்ற பாடி கட்டும் கம்பெனி. 1950களில் கைவேலையாகச் செய்தார்கள். அதில் பின் கதவின் கீல் பின்பக்கம் இருக்கும். அதாவது முன் கதவும் பின் கதவும் அலமாரிக் கதவு மாதிரி எதிரெதிராகத் திறக்கும்.

கிராக்கி இருக்கிறது என்று தெரிந்ததும் 1958 நவம்பரில் ஃபோக்ஸ்வாகனே டபுள் கேபினைத் தயாரிக்க ஆரம்பித்தது. கீலை முன்பக்கம் மாற்றினார்கள். ஆனால் கதவு அங்கேயும் மூணுதான். நடைபாதைப் பக்கம் மட்டும்தான் பின் கதவு. சிகாகோவிலும் ஜெர்மனியிலும் கணக்குப் பிள்ளைகள் ஒரே பாடத்தைத்தான் படித்திருப்பார்கள் போல!

இந்த ஜெர்மன் வண்டிகள் அமெரிக்காவுக்கும் போயின. அப்போதுதான் ஒரு கோழி குறுக்கே வந்தது. நிஜமாகவே கோழிதான். அமெரிக்காவிலிருந்து மலிவு விலைக் கோழிக்கறி குவிகிறது என்று 1962ல் ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் வரியை ஏற்றின. அமெரிக்கா பேசிப் பார்த்தது. பலிக்கவில்லை. 1963 டிசம்பரில் அதிபர் ஜான்சன் பதிலடி கொடுத்தார். உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சிறிய சரக்கு வண்டி, இந்த நாலுக்கும் வரி. 1964 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுச் சிறு சரக்கு வண்டிக்கு 25 சதவீதம். ஃபோக்ஸ்வாகன் பிக்கப் அந்தச் சந்தையிலிருந்து கிட்டத்தட்டக் காணாமல் போனது. மற்ற பொருட்களின் வரி பிற்பாடு இறங்கியும் வண்டி வரி மட்டும் பல பத்தாண்டு நின்றுவிட்டது. உள்ளூர்க் கம்பெனிகளுக்கு வெளியூர்ப் போட்டி குறைந்தது. கோழிக்கு வந்த கோபம் பிக்கப்பின் தலையில் விடிந்தது.

1973: கோடுகள் மாறிய வருஷம்

க்ரூ கேப் பிரியர்களைக் கேட்டால் பலரும் 1973 மாடல் ஷெவர்லே, ஜிஎம்சி வண்டிகளைத்தான் சொல்வார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் க்ரூ கேப்பைத் தன் தொழிற்சாலையிலேயே செய்ய ஆரம்பித்தது அந்த வருஷம்தான். அதற்கு முந்தைய 1967 முதல் 1972 வரையிலான வண்டிகளில், வேண்டியவர்கள் வெளியே கொடுத்து வெட்டி ஒட்டிக்கொண்டார்கள்.

அதே வருஷங்களில் வந்த 'சபர்பன்' என்ற பெரிய குடும்ப வண்டியிலும் மூணு கதவுதான். டிரைவர் பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் இரண்டு. அந்தக் காலத்துப் பிக்கப்பை இன்று நாலு கதவாக மாற்ற ஆசைப்படுகிறவர்கள் வலது பின் கதவை ஒரு பழைய சபர்பனிலிருந்து கழற்றிக்கொள்ளலாம். இடது பின் கதவுக்கு எங்கே போவது? அப்படி ஒன்றைத் தொழிற்சாலை அடிக்கவே இல்லையே. உட்கார்ந்து கையால் தட்டித்தான் செய்யவேண்டும். அன்று ஒரு கணக்குப் பிள்ளை மிச்சம் பிடித்த காசை, ஐம்பது வருஷம் கழித்து ஒரு தகர வேலைக்காரர் தன் வார இறுதிகளால் கட்டுகிறார்.

1973 மறுவடிவமைப்பில் மூணு விஷயம் நடந்தது. ஒன்று, கதவின் மேல்விளிம்பு கூரைக்குள் ஏறிப் போனது. பழைய வண்டிகளில் கதவு முடிந்து, அதற்கு மேல் ஒரு மெல்லிய மழைநீர்க் காவாய், அதற்கு மேல் கூரை. புதிதில் காவாயையே எடுத்துவிட்டார்கள். இரண்டு, பக்கவாட்டுக் கண்ணாடி வளைந்தது. காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து உடம்பை உருட்டினார்கள். மூணு, க்ரூ கேப்புக்கும் சபர்பனுக்கும் இரு பக்கமும் பின் கதவு வந்தது.

பார்க்க அழகுதான். ஆனால் காவாய் இல்லாத வண்டியில் மழையில் கதவைத் திறந்தால் கூரைத் தண்ணீர் நேராகச் சீட்டில் விழும். ஓட்டு வீட்டில் இறவாணத்தை வெட்டிவிட்டால் திண்ணை என்ன ஆகும்? அதே கதைதான்.

அந்த க்ரூ கேப்பை '3+3' என்று விற்றார்கள். முன்னால் மூணு, பின்னால் மூணு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் மட்டும் 164.5 அங்குலம், ஏறக்குறைய 4.18 மீட்டர். நம்ம மாருதி 800ன் மொத்த நீளமே 3.3 மீட்டர்தான். ஒரு முழு மாருதியை அந்தச் சக்கரங்களுக்கு நடுவில் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் பையையும் வைக்கலாம்.

இன்னொரு தமாஷ். 1988 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் சாதா பிக்கப்புகளை முழுக்கப் புதிதாக மாற்றியது. க்ரூ கேப்பை மட்டும் மாற்றவில்லை. அது 1991 மாடல் வரை பழைய உடம்போடே ஓடியது. குறைவாக விற்கும் வண்டிக்கு எதற்குப் புது அச்சு, பழையது தேயட்டும் என்ற எண்ணம்தான். அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்ட கதை. அதனாலேயே ஒரே உடம்பில் 19 மாடல் வருஷம் வந்த அந்தத் தம்பிக்கு இன்று ரசிகர்கள்!

மறுபடியும் மூணிலிருந்து

1973லேயே டாட்ஜ் ஒரு நடுவழியைக் கண்டுபிடித்தது. 'கிளப் கேப்'. கேபினைக் கொஞ்சமாக நீட்டி, உள்ளே மடக்கு சீட்டுகள். பின் கதவு கிடையாது. முன் சீட்டை மடக்கி நுழையவேண்டும். அடுத்த வருஷமே ஃபோர்டும் அப்படி ஒன்றை விட்டது. இது குடும்பங்களுக்குப் பிடித்துப்போனது. குழந்தைகள் எப்படியாவது நுழைந்துவிடும் இல்லையா?

இருபது வருஷம் கழித்து அந்த நீட்டிய கேபினுக்கும் கதவு வேண்டும் என்ற பேச்சு வந்தது. 1996ல் ஷெவர்லே ஒரு கதவு வைத்தது. 1997 மாடலில் ஃபோர்டும் வைத்தது. எத்தனை கதவு? ஒன்றே ஒன்று. எந்தப் பக்கம்? நடைபாதைப் பக்கம்! கீல் எங்கே? பின்பக்கம், அந்த பின்ட்ஸ் வண்டி மாதிரியே. 1957ல் டிராவலெட் எங்கே ஆரம்பித்ததோ, நாற்பது வருஷம் கழித்து அதே படியில் மறுபடி ஏறினார்கள்.

1998ல் டாட்ஜ் இரு பக்கமும் அப்படிக் கதவு வைத்தது. ஆனால் முன் கதவைத் திறந்தால்தான் பின் கதவு திறக்கும். பின்னால் இருப்பவர் இறங்க முன்னால் இருப்பவர் மனசு வைக்கவேண்டும். கடைசியில் 2001 மாடலில் ஃபோர்டு தன் எஃப்-150 வண்டியில் முழுசாக நாலு கதவு வைத்தது. அதற்காகத் தொட்டியை ஐந்தரை அடியாகக் குறைத்தது. சாமானிடமிருந்து இடத்தை எடுத்து மனுஷனுக்குக் கொடுத்தார்கள். இன்று அங்கே நாலு கதவு பிக்கப்தான் சர்வ சாதாரணம்.

நம்ம ஊர்க் கணக்கு

இங்கே புனேயிலும் ஒரு கிளைக்கதை உண்டு. 1988ல் டெல்கோ (பிற்பாடு டாடா மோட்டார்ஸ்) 'டாடாமொபைல்' பிக்கப்பைக் கொண்டுவந்தது. அந்த முகத்தை வைத்தே 1991ல் சியரா வந்தது. பின்னால் கூரை வரை வளைந்த பெரிய கண்ணாடி, ஆனால் பின் கதவு கிடையாது. அடுத்த வருஷம் அதே குடும்பத்தில் நாலு கதவோடு எஸ்டேட். 2025 நவம்பரில் சியரா என்ற பெயர் திரும்பி வந்தபோது இரு பக்கமும் பின் கதவோடு வந்தது.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வண்டியின் கதை இல்லை, இன்ஷூரன்ஸ் கதை. வாகனக் கடன் பிரிவில் தகராறான ஃபைல்களோடு தீர்ப்புகளும் வரும். சரக்கு வண்டியில் கூலி கொடுத்தோ ஓசியிலோ ஏறிப் போகிற ஆள் விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது. 1994 சட்டத் திருத்தத்தின்படி சரக்கின் சொந்தக்காரருக்கோ அவருடைய பிரதிநிதிக்கோ பாதுகாப்பு உண்டு. (வண்டி முதலாளியின் சொந்தத் தொழிலாளிகள் விஷயம் தனி, அதற்கு வேறு விதி.) 2007ல் இன்னொரு வழக்கில் அந்தச் சொந்தக்காரர் யார் என்பதையும் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கேபினில் உட்கார்ந்து போகிறவர்தான்.

படித்துவிட்டு ஃபைலை மூடி வைத்தேன். என் பீரோ, என் கட்டில், என் கிரைண்டர். சரக்கின் சொந்தக்காரன் நான்தான். ஆனால் உட்கார்ந்திருந்தது கேபினில் இல்லை. இந்தாபூர் மழையில் வண்டி சறுக்கியிருந்தால் அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இரண்டு பேருக்கும் என் பேரில் ஒரு பைசா வந்திருக்குமா என்பதே சந்தேகம். கேபினின் பின்சுவர் எங்கே முடிகிறது என்பது வெறும் டிசைன் விஷயம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

சில வருஷம் முன்பு ஒரு மராட்டிக்காரர் கடனுக்கு வந்தார். மின் கம்பி வேலை எடுத்துச் செய்பவர். கூட நாலு ஆள். சிங்கிள் கேபின் வாங்கலாமா, டபுள் கேபினா என்று குழப்பம். டபுளில் விலை கூட, தொட்டி சின்னது, கம்பிச் சுருளுக்கு ஒரு நடை கூட அடிக்கவேண்டும். தவணைப் பட்டியலை இரண்டு விதமாகவும் போட்டுக் கொடுத்தேன். லாபம் மட்டும் பார்த்தால் சிங்கிள்தான்.

"சாஹேப், நீங்க எதைச் சொல்றீங்க?" என்றார்.

அப்படி யாராவது கேட்டால் "உங்க இஷ்டம்" என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பதில். அன்று சொல்லவில்லை. சோலாப்பூர்ப் பயணத்தைச் சொன்னேன். தீர்ப்பையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாசம் வண்டியைக் காட்ட பிராஞ்சுக்குக் கொண்டுவந்தார். வெள்ளை டபுள் கேபின், பானெட்டில் சாமந்தி மாலை. நாலு தொழிலாளிகளும் வந்திருந்தார்கள். இனிப்பு கொடுத்து முடித்துக் கிளம்பும்போது அதில் வயசான ஒருவர் பழக்கதோஷத்தில் பின்னால் போய் டயரில் கால் வைத்துத் தொட்டியில் ஏறிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "காக்கா, இங்கே" என்றார். (மராட்டியில் காக்கா என்றால் சித்தப்பா, பெரியப்பா.) அவர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே ஏறினார்.

பி.கு: இதைத் தங்கமணியிடம் படிக்கக் கொடுத்தேன். "அன்னைக்கு கிரைண்டர் கல்லு உருண்டுடப் போகுதுன்னுதான் நீங்க பின்னாடி உக்காந்தீங்கன்னு இவ்வளவு நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். அதுவும் ஒரு காரணம்தான். அடுத்த மாற்றலுக்கு லாரி பேசி, நாங்க மூணு பேரும் ரயிலில் போவது என்று முடிவாகியிருக்கிறது.